கை கால் வந்துவிட்டது, அசதி போகவில்லை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நடத்தும் மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்திலிருந்து எழுந்தவர்களை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் விடாமல் பிடித்திருக்கும் அசதியை உங்கள் களப்பணியாளர்கள் கேட்டறிய வேண்டும், அதற்கு மருத்துவம் பார்க்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய உங்கள் திட்டத்தால் பிழைத்த குடும்பம் எங்களுடையது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்ததால்தான் என் அண்ணன் எழுந்து நடந்தார். அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் அவர் நடக்கத் தொடங்கியதுமே குணமானவர் கணக்கில் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் பேருந்து நடத்துநர். இப்போது முகம் மழிக்க உட்கார்ந்தால், ஒரு கன்னம் முடிந்ததும் ரேசரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்கிறார். குளித்து வந்தால் படுத்தே ஆக வேண்டும். தட்டில் இட்லி ஆறிப்போகும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் கண்ணை மூடிக்கொள்கிறார். நெரிசலில் யார் டிக்கெட் வாங்கவில்லை, யாருக்குச் சில்லறை பாக்கி என்பதையெல்லாம் மனதிலேயே வைத்திருந்த மனிதர், உட்கார்ந்து பார்க்கும் வேலையில்கூடப் பதினொரு மணிக்கு மேல் கூட்டலுக்குத் தடுமாறினார். “கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, உடம்பு வளையவில்லையா?” என்று மேலதிகாரி கேட்டார். உறவினர்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

உழைத்த களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இது போவதில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த அசதி இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மூளையில் ஏற்பட்ட சேதம் சிறியது என்பதால் அசதியும் குறைவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. கை எவ்வளவு தூக்க முடிகிறது, கால் எவ்வளவு மடங்குகிறது என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது.

இதற்கென்று உறுதியான மாத்திரை எதுவும் இன்று இல்லை என்பது எனக்குத் தெரியும். தூக்கக் கலக்கத்தைப் போக்கத் தரும் மோடாஃபினில் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில் அசதி குறைந்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 36 பேர்தான். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூஆக்ஸெடின் மருந்தைப் பக்கவாதம் வந்தவர்களுக்குக் கொடுத்து, பிரிட்டனில் 3,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. அந்த மருந்தால் அன்றாடச் செயல்திறன் கூடவில்லை, எலும்பு முறிவுதான் கூடியது. ஆகவே புது மருந்து வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

கேட்பதெல்லாம் அடிப்படையானவை. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் அசதியைக் கூட்டும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் அட்டெனலால் சிலரைச் சோர வைக்கும். அதை நோயாளி தானாக நிறுத்தக் கூடாது, மாற்று மருந்து உண்டா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. விடிய விடியக் குறட்டை விட்டும் காலையில் களைத்தே எழுகிறார்கள். குறட்டை விடுகிறாரா என்று மனைவியிடம் கேட்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. மனச்சோர்வு இருந்தால் அதற்கும் தனியாக மருத்துவம் தேவை.

அடுத்தது, நாளைப் பங்கிட்டுக்கொள்ளும் பயிற்சி. நெதர்லாந்தில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், அசதியைச் சமாளிக்கும் மனவழிச் சிகிச்சையோடு சிறுகச் சிறுகக் கூட்டும் உடற்பயிற்சியையும் 12 வாரம் கொடுத்தார்கள். மனவழிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குப் பலன் அதிகம். எங்கள் வீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. சற்றுத் தெளிவாக இருக்கும் நாளில் அண்ணன் சந்தை, வங்கி, கல்யாணம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக முடித்துவிடப் பார்ப்பார். அடுத்த சில நாள்கள் எழுந்திருக்கவே மாட்டார். எதை முதலில் செய்வது, எப்போது ஓய்வெடுப்பது, நடையை எந்த அளவில் கூட்டுவது என்று சொல்லிக்கொடுக்க, வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரைவிடப் பொருத்தமானவர் யார்? அவருக்கு அந்தப் பயிற்சியையும் அதற்கான நேரத்தையும் நீங்கள்தான் தர வேண்டும்.

மருந்து கொடுக்க வரும் பெண் தன்னார்வலர் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்கிறார். அதே தாளில், “அசதியால் அன்றாட வேலை தடைபடுகிறதா?” என்று ஒரு வரி சேருங்கள். “ஆம்” என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவரை அழைத்துப் பார்க்கட்டும். பார்த்த மருத்துவர் அந்த அசதியைச் சீட்டில் எழுதியும் கொடுக்கட்டும். அரை நாள் வேலை கேட்கும்போது மேலதிகாரியிடம் நீட்ட அண்ணனிடம் இன்றைக்கு எந்தக் காகிதமும் இல்லை.

இப்படிக்கு,
பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் ஒருவரின் தங்கை