மாட்டுத் தொழுவத்தில் உழைத்த தாய்மாரின் வரலாறும் பதிவாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கலையொட்டி சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் பசுக்களைக் காட்டி, சிராங்கூன் வட்டாரம் ஒரு காலத்தில் கால்நடை வணிகத்தால் வளர்ந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எருமையின் பெயர் தாங்கிய பஃப்ளோ ரோடும், மலாய் மொழியில் அதே பொருள் தரும் கெர்பாவ் ரோடும் அதற்கு இன்றும் சான்றாக உள்ளன. ஆனால், நாம் சொல்லும் வரலாற்றில் மாட்டு வணிகரும் பால்காரரும் இடம்பெறுகிறார்களே தவிர, தொழுவத்து வேலையில் பெரும்பங்கைச் சுமந்த அவர்களுடைய மனைவியர் இடம்பெறுவதில்லை. இக்குறை எனக்கு நெடுநாளாக வருத்தம் அளிக்கிறது.

கம்பத்தில், அதாவது அக்காலக் கிராமக் குடியிருப்பில், பசு வளர்த்த குடும்பம் எங்களுடையது. விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, தொழுவத்தைக் கழுவி, கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் கன்றைப் பிரித்துக் கட்டிப் பால் கறந்து, தாத்தா சைக்கிளில் புறப்படுவதற்குள் பாத்திரங்களை நிரப்பித் தருவது பாட்டியின் வேலை. தூளியில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுதாலும் கறவையைப் பாதியில் விட்டு எழ முடியாது. விட்டால் பசு மிச்சப் பாலை அடக்கிக்கொள்ளும் என்று அம்மா சொல்வார். பிறகு சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், புல்லறுப்பு, தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைத்தல், மாலையில் மறுபடியும் கறவை. பிரசவித்த பெண்ணுக்குக்கூட நீண்ட ஓய்வு கிடைத்ததில்லை, ஏனென்றால் மாட்டுக்கு விடுமுறை கிடையாது. விற்காத பாலை உறையூற்றித் தயிராகவும் நெய்யாகவும் விற்ற காசு மட்டும் பாட்டியின் கையில் இருந்தது. பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் அந்தக் காசில்தான் வாங்கப்பட்டன. எந்த வீட்டுக்கு எவ்வளவு பால், யார் எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத அவர் மனத்திலேயே கணக்கு வைத்திருந்தார்.

பொங்கோல் வட்டாரத்தில் பன்றி வளர்த்த, காய்கறி பயிரிட்ட சீனக் குடும்பங்களின் பெண்களும் இவ்வாறே உழைத்தார்கள். 1960களில் இத்தீவில் ஏறத்தாழ 20,000 பண்ணைகள் இருந்தன. பண்ணைகளையும் கம்பங்களையும் விட்டு நடந்த மறுகுடியமர்வுக்குப் பின் அடுக்குமாடி வீடுகளில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடைத்தது பெரும் நன்மை. அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆயினும், ஆண்கள் வேறு வேலைக்குப் போக முடிந்தபோது, தொழுவத்தோடு தன் சொந்த வருமானத்தையும் இழந்த நடுத்தர வயதுப் பெண்ணுக்கு அப்படியொரு வழி எளிதில் கிடைக்கவில்லை. இந்த இழப்பைப் பற்றி நாம் போதிய அளவு பேசியதில்லை.

1929ல் புக்கிட் தீமா பகுதியில் தொடங்கப்பட்ட பால்பண்ணையின் பழைய தொழுவம் ஒன்று, இன்று டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் கல்வி நிலையமாகப் பாதுகாக்கப்படுகிறது. கட்டடத்துக்குக் கிடைத்த அக்கறை தொழுவத்தில் உழைத்த மனிதர்களுக்கும் கிடைக்க வேண்டும். முன்னோடித் தலைமுறையினர் என்று சிங்கப்பூரில் அழைக்கப்படும் மூத்தோர் 1949ஆம் ஆண்டு முடிவுக்குள் பிறந்தவர்கள். அவர்களுள் சிறுமியராகத் தாயுடன் புல் சுமந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

வாய்மொழி வரலாற்றுப் பதிவை 1979 முதல் மேற்கொண்டுவரும் தேசிய ஆவணக் காப்பகமும், இந்திய மரபுடைமை நிலையமும் இப்பெண்களைத் தேடிச் சென்று, அவர்களுடைய பேச்சுத் தமிழிலேயே பதிவு செய்ய முன்வர வேண்டும். கேட்கும்போது கணவரின் தொழிலைப் பற்றி மட்டும் கேட்காமல், அவர்கள் கறந்ததையும் விற்றதையும் வளர்த்ததையும் கேட்கவேண்டும். வீடுகளில் பழைய பால் உரிமமோ, கடன் சீட்டோ, தொழுவத்தின் முன் எடுத்த புகைப்படமோ இருந்தால் குடும்பத்தினர் அவற்றை வீசிவிடாமல் ஒப்படைக்க வேண்டுகிறேன். தங்கள் நாளிதழும் வரும் பொங்கல் மலரில் இத்தாய்மாருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், முதல் கட்டுரையை எழுதித் தர நான் ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி