மொட்டை மாடிக் குழாய்களுக்கு உறை போடுங்கள்: நம் குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. மாடித் தண்ணீர்க் குழாய்கள் வெயிலில் காய்ந்து, பகலில் கை சுடுகிற தண்ணீர் வருவதைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசியாயிற்று. "கத்திரி முடிந்தால் சரியாகிவிடும்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் என் அம்மா சாப்பிட்ட தட்டை அந்தக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருக்கிறார். வயது 78. பல வருடச் சர்க்கரையில் விரல்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது இரண்டு விரல்களில் கொப்புளம். "வலிக்கவே இல்லைப்பா" என்றார். வலித்திருந்தால் கையை எடுத்திருப்பாரே! அதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

காலையிலேயே வாளியில் பிடித்து வைக்கச் சொல்கிறீர்கள். பகலில் தனியாக இருக்கும் அம்மாவால் ஒரு சொம்புக்கு மேல் தூக்க முடியாது. மற்ற வீடுகளில் சூடு தணியும்வரை திறந்து விடுகிறார்கள். ஓரங்குல உள்விட்டக் குழாய் பத்து மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறக்குறைய 5 லிட்டர் நிற்கும். வீட்டுக்கு வீடு இத்தனை தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறோம், அதுவும் கடலோரக் கிணறுகள் உப்பாகிக்கொண்டிருக்கும் புதுச்சேரியில்.

பாரிஸில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் குளிர்காலத்துக்கு முன்பே வெளிக் குழாய்களுக்கு நுரை உறை மாட்டிவிடுவார்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் வெடித்துவிடும். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் தடுக்கிற அதே உறைதான் வெளிச்சூடு உள்ளே ஏறுவதையும் தாமதப்படுத்தும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் மாடியிலேயே ஏசி செம்புக் குழாய்கள் எல்லாம் கறுப்பு உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்திலேயே குடும்பம் முழுக்கப் புழங்கும் தண்ணீர்க் குழாய் வெறும் தளத்தில் காய்கிறது.

வாசல் வளைவுக்கும் புதிய பெயிண்ட்டுக்கும் ஒரே கூட்டத்தில் பணம் ஒதுக்கினீர்கள். யாரும் மறுக்கவில்லை, நானும்தான். மெயின்டனன்ஸ் தொகையை ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு, கை சுடாத தண்ணீர் கேட்க உரிமை இல்லையா? வயதானவர்கள் கேட்டால் மட்டும் ஏன் எல்லாமே "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" ஆகிவிடுகிறது?

மன்னிக்கவும், கோபத்தில் வேறு எங்கோ போய்விட்டேன். கேட்பது இதைத்தான்: குழாய்களுக்கு உறை போடுங்கள். வெறும் நுரை வெயிலில் உதிர்ந்துவிடும், மேலே அலுமினியப் பட்டை சுற்றச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் நின்ற தண்ணீர் உறைக்குள்ளும் சூடாகத்தான் செய்யும். அதனால் முடிந்த இடங்களில் குழாயைக் கைப்பிடிச் சுவரின் நிழல் பக்கம் மாற்றித் தாருங்கள். கத்திரி போனாலும் ஜூன் வெயில் இங்கே குறைவதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பிளம்பரை மேலே அனுப்பி அளவெடுக்கச் சொல்லும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் வீட்டில்தான் இருப்பேன், கூடவே மேலே வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்