அந்தப் பத்து நிமிடத்தை யார் தருவார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை ஊழியர்களின் மனநலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'தினமும் பத்து நிமிடம் மூச்சுப்பயிற்சி செய்தால் பணிச்சோர்வு அண்டாது' என்ற வரியோடு இதழை மூடி வைத்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தை யார் தருவார்கள் என்று கட்டுரையாளர் சொல்லவில்லையே?

சில மாதங்களுக்கு முன் ஒரு நைட் டியூட்டியில், விடியற்காலை நான்கு மணிக்கு ஓர் இளைஞர் எங்கள் கையிலேயே போய்விட்டார். நாற்பது நிமிடம் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தியிருந்தோம். அவருடைய அம்மாவிடம் போய்ச் சொன்னது நான்தான். சொல்லிவிட்டுத் திரும்பினால், அந்தக் கட்டிலுக்கு அடுத்த நோயாளி வந்தாயிற்று. விரிப்பு மாற்றிய ஆயாம்மா அந்தப் பையனின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை யார்கிட்ட குடுக்கறது சிஸ்டர்?" என்று நின்றார். பதில் சொல்லக்கூட நிற்கவில்லை. மூன்று பேருக்கு மருந்து பாக்கி. காலையில் ஹேண்டோவர் முடித்து, கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். மறுநாள் விடுப்பு கேட்டபோது, "இன்னுமா பழகலை?" என்றார்கள்.

உங்களுக்குத் தெரியாததல்ல. பர்ன்அவுட் என்கிற இந்தப் பணிச்சோர்வு, சரியாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. பணியிடம் தரும் பாரத்தை ஊழியரின் மூச்சிலா இறக்கி வைப்பது? 2020-இல் கொரோனா வந்தபோது கைதட்டினார்கள், தெய்வம் என்றார்கள். அதற்குப் பிறகும் எங்கள் வார்டில் காலியிடம் காலியாகவே கிடக்கிறது. உறவினர்களின் கோபத்துக்கு முதலில் நிற்பதும் நாங்கள்தான்.

ஆலோசகரிடம் போகலாமே என்பீர்கள். போனது மேலிடத்துக்குத் தெரிந்தால்? அமெரிக்காவில் 2020-இல் உயிரை மாய்த்துக்கொண்ட மருத்துவர் லோர்னா பிரீன், உதவி கேட்டால் வேலைக்கே ஆபத்து என்று அஞ்சியதாக அவர் குடும்பத்தார் சொன்னார்கள். 2022-இல் மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக அவர் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. அந்த அச்சம் எனக்கும் உண்டு, என் வார்டில் பலருக்கும் உண்டு.

கட்டுரையில் இரண்டு மருத்துவர்கள் பேசியிருக்கிறார்கள். செவிலியர், லேப் டெக்னீஷியன், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் ஒருவரும் இல்லை. அடுத்த முறை எழுதும்போது நைட் டியூட்டி முடித்து வரும் ஒருவரிடமாவது பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். என் பெயரை மட்டும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்