கோடைச் சுற்றுலாவுக்குக் கிளேர்மாண்ட்: தென்மேற்கு லண்டன் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

குடும்பங்கள் ஒன்றுகூடிப் போகும் கோடைச் சுற்றுலாவுக்கு இம்முறை கடற்கரையையும் கேளிக்கைப் பூங்காவையும் விடுத்து, சர்ரேயில் ஈஷர் நகரத்தை ஒட்டியுள்ள கிளேர்மாண்ட் தோட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். சர்பிட்டனிலும் நியூ மால்டனிலும் வசிக்கும் நமக்கு அது கூப்பிடு தூரம்தான். போர்ட்ஸ்மத் சாலையில் அதன் வாசலைக் கடந்து போயிருப்போமே தவிர, நம்மில் பலர் உள்ளே நுழைந்திருக்க மாட்டோம்.

முதலில் அது பிள்ளைகள் ஓடியாட ஏற்ற இடம். பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1949 முதல் பராமரித்துவரும் சுமார் 50 ஏக்கர் நிலத்தின் நடுவே ஓர் ஏரியும், அதற்குள் ஒரு தீவும், தீவில் ஒரு சிறு மண்டபமும் இருக்கின்றன. ஏரியைப் பார்த்தபடி, குன்றின் சரிவையே வளைவு வளைவான படிகளாகச் செதுக்கிப் புல் வளர்த்த பெரிய திறந்தவெளி அரங்கு ஒன்று உண்டு. தோட்டக் கலைஞர் சார்லஸ் பிரிட்ஜ்மன் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடிவமைத்த அந்த அரங்கு, பிற்காலத்தில் மரமும் புதரும் மண்டி மறைந்தே போய், 1970-களில்தான் மீட்கப்பட்டது. அதன் மேற்படியில் நின்றால் ஏரி முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். எந்தப் பிள்ளையும் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்காது, உருண்டுதான் இறங்கும்.

ஆனால் நான் இந்த இடத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் வேறு. தோட்டத்தை அடுத்து மேட்டில் நிற்கும் வெள்ளை மாளிகையைக் கட்டுவித்தவர் ராபர்ட் கிளைவ். 1744-இல், பதினெட்டு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து இறங்கிய அதே கிளைவ்தான். 1753-இல் அவர் திருமணம் செய்துகொண்ட புனித மேரி தேவாலயம் இன்றும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தில் குவித்த செல்வத்தோடு ஊர் திரும்பியவர், கிளேர்மாண்டை வாங்கி, கட்டடக் கலைஞர் வான்ப்ரூ அங்கே எழுப்பியிருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு, புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் 'கேப்பபிலிட்டி' பிரவுனிடம் புதிய மாளிகைக்கான பொறுப்பை ஒப்படைத்தார். வங்காள நவாபின் தலைநகரான முர்ஷிதாபாத்தின் கருவூலத்துப் பொன் நிறைந்திருந்த பெட்டியொன்றைப் படுக்கையறைக்கு அருகில் வைத்துக்கொண்டு இம்மனிதரால் எப்படி உறங்க முடிகிறது என்று பிரவுன் திகைத்ததாகவும், சாத்தான் வந்து தூக்கிப் போய்விடாமல் இருக்கத்தான் சுவர்களை இத்தனை தடிமனாகக் கட்டுகிறார் என்று சர்ரேயின் குடியானவர்கள் கிசுகிசுத்ததாகவும் வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு உண்மையோ, பிள்ளைகள் மறக்கமாட்டாத கதைகள் இவை. கிளைவோ 1774-இல் இறந்துபோனார். அத்தனை செலவழித்துக் கட்டிய வீட்டில் நிலையாகக் குடியிருக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஆற்காட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலிக்கும், பிரெஞ்சுக்காரர்களின் துணை பெற்ற சந்தா சாகிபுக்கும் இடையே நடந்த கர்நாடக (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆற்காட்டைத் தலைநகராகக் கொண்ட பகுதி) நவாபுப் பதவிப் போட்டியில், 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றதுதான் கிளைவுக்கு முதன்முதலாகப் பேர் வாங்கித் தந்தது. அவரோடு கோட்டைக்குள் பசியில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சி தங்களுக்குப் போதும் என்று அவர்கள் சொன்னதாக ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கிளைவைக் கொள்ளைக்காரர் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால், சம்பளம் வாங்கிக்கொண்டு அவருக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களும், அவரைத் துணைக்கு அழைத்த நவாப் முகமது அலியும் கதையிலிருந்து நழுவிப் போவார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இந்தச் சங்கடத்தை மறைக்கக் கூடாது.

அதற்காக நாள் முழுவதையும் பாடமாக்கிவிடவும் வேண்டாம். காலையில் ஏரியைச் சுற்றி நடந்து, புளிச்சாதமும் ரோல்ஸும் சாப்பிட்டு முடித்தபின், புல் அரங்கின் படிகளில் எல்லோரையும் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினால் போதும். சிறியவர்கள் கேட்காமல் விளையாடப் போனால் போகட்டும். மாளிகையில் இப்போது ஒரு பள்ளி நடப்பதால், தோட்டச் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள்ளும் போகலாம் என்று யாரும் எண்ணிவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சரிவுப் பாதைகள் மூட்டுவலி உள்ள தாத்தா பாட்டிமாருக்குச் சிரமம் தரலாம். அவர்கள் ஏரிக்கரையிலேயே உட்காரும்படி ஏற்பாடு செய்யலாம்.

ஆற்காடு முற்றுகையைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பை எளிய தமிழில் எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன். பெருங்குழுவாகப் போவதென்றால் தோட்டத்தாரிடம் முன்பே தெரிவித்துப் பேருந்து நிறுத்த இடமும் கேட்க வேண்டியிருப்பதால், பள்ளி விடுமுறை தொடங்குமுன் நடக்கும் நிர்வாகக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசி முடிவைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெற்றோரில் ஒருவர்