தீ மூட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு

அன்புள்ள சீனு,

இங்கு அனைவரும் நலம். என் கடிதங்களுக்கெல்லாம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, எஞ்சின் ஒன்று கைக்கு வந்தவுடன் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறாய். அதற்கான கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். வாத்தியாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் கடைசல் வேலையின் குறைகள் முன்னைவிடத் துல்லியமாகத் தெரிகின்றன என்று மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றச் செய்திகள் காத்திருக்கட்டும். இது நீ வாங்கியிருக்கும் அந்த நீராவி ரயில் மாடல் எஞ்சினைப் பற்றிய கடிதம்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ அதைக் கேட்கும் மனநிலையில் இருக்க மாட்டாய். ஐந்து அங்குல கேஜில், அதாவது ஐந்து அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும், நீர்த்தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் இவ்வளவு லட்சணமான ஆறு சக்கர டேங்க் எஞ்சினை நான் அண்மையில் பார்த்ததில்லை. இணைப்புத் தண்டுகளின் விளிம்பை அரம் போட்டுச் சீராக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தாலே, செய்தவர் அவசரப்படாதவர் என்று தெரிகிறது. ஆனால் சக்கரமும் தண்டும் அழகாக இருப்பது கொதிகலனுக்குச் சான்றாகாது. நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு உறுத்திய இடங்களை நீ கவனித்தாயா என்று உன் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

அழுத்தமானியைப் பார். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே முள் பூஜ்யத்தில் நிற்காமல் பத்தில் நிற்கிறது. ஒரு காலத்தில் அளவுக்கு மீறிய அழுத்தத்தையோ, மானிக்குப் போகும் வளைகுழாயில் நீர் இல்லாததால் நேரடி நீராவியையோ அது வாங்கியிருக்கலாம். காரணம் எதுவானாலும், அந்த மானி இனி சதுர அங்குலத்துக்கு எண்பது பவுண்டு என்று காட்டினால் அது எண்பதுதானா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்து, நீர்மட்டக் கண்ணாடியின் கீழ்ப் பொருத்துக்கு அடியில் பெயின்டின் மேல் ஒரு பச்சைக் கோடு இறங்கியிருக்கிறது. அங்கே நெடுநாளாகக் கசிவு இருந்திருக்கிறது. அந்தப் பொருத்து வெண்கலமாக இருந்தால் இறுக்கிப் பார்க்கலாம். பித்தளையாக இருந்தால், கொதிநீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்ல அரித்து எடுத்திருக்கும், மிஞ்சியிருப்பது பார்வைக்கு உலோகமாகவும் ஸ்பானர் வைத்தால் பொறை பிஸ்கட்டாகவும் இருக்கும். கொதிகலனைத் தொடும் இடத்தில் பித்தளை வேண்டாம் என்று வாத்தியார் ஏன் அப்படிக் கத்துவார் என்பது உனக்கு நினைவிருக்கும்.

எனக்குப் பெரிய கவலை தருவது கரி எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் உட்புறப் படம்தான். அந்தப் பெட்டியின் சுவரைக் கொதிகலனின் வெளிச்சுவரோடு பிணைக்கும் ஸ்டே கம்பிகளின் தலையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வழிந்த ஒரு பூச்சு தெரிகிறது. வெள்ளிப் பற்று, அதாவது வெள்ளி கலந்த பற்றாசு, அந்த நிறத்தில் இராது; அது சற்றே மஞ்சள் ஓடியதாக, செம்பின் மேல் மெல்லிய விளிம்பாகப் படிந்திருக்கும். இது ஈயப் பற்று என்றே நினைக்கிறேன். நியாயமாகச் சொல்லவேண்டுமானால், ஸ்டேயைத் திருகி நட்டும் போட்டுவிட்டு, கசிவை அடைக்க மட்டும் ஈயம் வைப்பது பழைய கொதிகலன்களில் வழக்கமாக இருந்ததுதான். ஆனால் பாரத்தைத் தாங்குவது திருகா ஈயமா என்பதைப் படம் சொல்லாது. சாதாரண ஈயப் பற்று 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். 80 பவுண்டு அழுத்தத்தில் கொதிகலன் நீரின் வெப்பமோ 160 டிகிரியைத் தாண்டியிருக்கும். இடைவெளி எவ்வளவு குறைவு என்று பார்த்தாயா? நீர்மட்டம் சற்றே இறங்கி, ஃபயர்பாக்ஸின் கூரை வெளியே தெரிந்துவிட்டால் அந்த இடைவெளியும் இல்லை.

கம்ப்ரசரை மாட்டி 60 பவுண்டு காற்றில் சக்கரங்களை ஓடவிட்டாய் என்றும், ‘எங்கும் ஒரு சத்தமில்லை’ என்றும் பெருமையாக எழுதியிருக்கிறாய். சிலிண்டருக்கு நேராகக் காற்றைக் கொடுத்திருந்தால் எனக்கு ஆட்சேபமில்லை, வால்வு சரியாக அமைந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல சோதனை. கொதிகலன் வழியாகக் கொடுத்திருந்தால், தொப்பி விவகாரத்துக்குப் பிறகு நீ செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அதுதான். அழுத்திய காற்று சுருட்டி வைத்த வில். பற்று விட்டுப்போனால் அத்தனை சக்தியும் ஒரே கணத்தில் வெளியே பாயும். நீர் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை என்பதால், காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் கொதிகலனை விளிம்புவரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தினால், விரிசல் விடும் இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து முள் இறங்கும், அவ்வளவுதான். பிரிட்டிஷ் மாடல் எஞ்சினியரிங் சங்கங்களில் புதிய கொதிகலனுக்கு வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கும், அடுத்தடுத்த சோதனைகளுக்கு ஒன்றரை மடங்கும் ஏற்றுவது வழக்கம். வரலாறே தெரியாத உன்னுடையதற்கு எவ்வளவு என்பதைப் பரிசோதகர் முடிவு செய்யட்டும். அதற்குப் பின்னும் நீராவிச் சோதனை ஒன்று உண்டு: நெருப்பை முழு வேகத்தில் எரியவிட்டு, புகைபோக்கியில் நீராவியைப் பாய்ச்சி நெருப்புக்குக் காற்றிழுக்கும் புளோயரைத் திறந்து வைத்தாலும், அழுத்தம் வேலை அளவைப் பத்து சதவீதத்துக்கு மேல் மீறாதபடி பாதுகாப்பு வால்வு வெளியேற்றிக் காட்டவேண்டும்.

‘சின்ன எஞ்சின்தானே’ என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நிஜ எஞ்சினைச் சுமார் 11.3 மடங்கு சிறிதாக்கும்போது சூடேறும் பரப்பு நூற்றிருபத்தெட்டில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் நீரின் கொள்ளளவு ஆயிரத்து நானூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. அதனால்தான் பெரிய எஞ்சினுக்குப் பல மணி நேரம் பிடிக்கும் வேலை நமக்கு அரை மணிக்குள் முடிகிறது. அதே காரணத்தால்தான், பெரிய எஞ்சினில் கரி தள்ளுபவர் சற்று அசந்தாலும் சமாளிக்கக் கிடைக்கும் அவகாசம் நமக்குக் கிடைப்பதில்லை. வளைவில் யாருக்கோ கையசைத்துவிட்டுத் திரும்பினால் கண்ணாடியில் நீர் இல்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழ் சிக்கிக்கொண்டு, இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும் தொல்லை வேறு. அடிக்கடி திறந்து ஊதிவிட்டுப் பார்க்காதவனுக்கு அந்தக் கண்ணாடி இருந்தும் பயனில்லை. உள்ளே இருப்பது நாலைந்து லிட்டர் நீர்தான். ஆனால் 80 பவுண்டு அழுத்தத்தில் கொதிகலன் பிளந்தால், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அக்கணமே நீராவியாக மாறும். அப்படி மாறும் ஒவ்வொரு லிட்டரும் 1,600 மடங்குக்கும் மேலாக இடம் கேட்கும்.

பேரனின் பிறந்தநாளன்று அவனையும் அவன் நண்பர்களையும் பின்னால் வண்டியில் வரிசையாக உட்காரவைத்து ஓட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். அவர்கள் முகம் ஃபயர்பாக்ஸ் கதவின் உயரத்தில் இருக்கும், சீனு. இதில் வேடிக்கைக்கு இடமில்லை. சோதனை முடியாமல் நீ அதில் ஒரு தீக்குச்சியைக்கூடக் கிழிக்கக் கூடாது. பிறந்தநாளுக்கு வேறு ஏதாவது செய். என் எஞ்சினை வேண்டுமானால் எடுத்துக்கொள், அதன் சான்றிதழ் இன்னும் காலாவதியாகவில்லை.

நான் உன் ஆசையைக் கெடுக்க வந்தவன் அல்ல என்பது உனக்கே தெரியும். மாடல் எஞ்சின்களைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் கர்லி லாரன்ஸ் 1920களில் தன் ஆயிஷா என்ற எஞ்சினை வைத்துக்கொண்டு, இரண்டரை அங்குல கேஜிலேயே உண்மையான கரி நெருப்பும் பல குழாய்க் கொதிகலனும் ஆளை இழுக்கும் என்று வாதாடிக் காட்டியதை உனக்கு முதலில் சொன்னவனே நான்தான். மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரி பற்றிக்கொண்டு, புகைபோக்கியின் மேல் வைத்த மின்விசிறி இரைந்துகொண்டிருக்க, முள் முதன்முதலாக அசையும் அந்த நேரத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் தெரியாது. உன் எஞ்சின் தேறினால் அதன் முதல் ஓட்டத்தில் நானும் இருப்பேன். அப்போது ஒன்றை மட்டும் மறக்காதே: சிலிண்டருக்கு நீராவியை விடும் ரெகுலேட்டரை மூடுவதற்கு முன் புளோயரைத் திற, இல்லாவிட்டால் நெருப்பு கதவு வழியாகத் திரும்பி வந்து உன் புருவத்தைக் கேட்கும். புறப்படும்போது சிலிண்டரின் வடிகால் திறந்திருக்கட்டும். உள்ளே தேங்கிய நீரைப் பிஸ்டனால் நசுக்க முடியாது, மூடியைத்தான் உடைக்க முடியும்.

ஒருவேளை தேறாவிட்டால் வருந்தாதே. சட்டமும் சக்கரமும் அப்படியே இருக்கின்றன. செம்பில், முழுக்க வெள்ளிப் பற்று வைத்துப் புதுக் கொதிகலன் ஒன்றை வாத்தியாரின் மேற்பார்வையில் நாம் சேர்ந்தே செய்யலாம். திட்டு வாங்கும் பங்கை மட்டும் இம்முறை நீ ஏற்றுக்கொள்ளவேண்டும்.

இப்போது உடனே செய்யவேண்டியவை: விற்றவரின் குடும்பத்தாரிடம் கொதிகலனின் வரைபடமோ பழைய சோதனைச் சான்றிதழோ இருக்கிறதா என்று கேள். அழுத்தமானியைக் கழற்றி எனக்கு அனுப்பிவை, சங்கத்திலுள்ள மூல மானியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பாதுகாப்பு வால்வை நீயாகத் திருகிப் பார்க்காதே. உன் கை சும்மா இராது என்பதால் சொல்கிறேன். அடுத்த மாதம் எந்த ஞாயிறு வசதிப்படும் என்று எழுது. கைப்பம்பையும் அடைப்பான்களையும் நான் எடுத்து வருகிறேன், பரிசோதகரை அழைத்து வருவது வாத்தியாரின் பொறுப்பு. பதிலுக்கு இம்முறை என்னைக் காக்கவைக்காதே.

அன்புடன்,
ரகு