கண் முகாமுக்குப் பிறகு என்ன?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஏழைகளுக்கு இரங்கிய மகான் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். அவர் ஒரு வாத்தியாரும்கூட. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற எனக்கு அந்தப் பக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது.

எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1918இல் பிறந்தவர். சிலேட்டுக்கு வழியில்லாமல் ஆற்றுமணலில் எழுதிப் படித்தவர். 1944இல் சென்னை ஸ்டான்லியில் டாக்டர் பட்டம், அப்புறம் இராணுவத்தில் வைத்தியர் வேலை. சொந்தத்தில் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்ததால் பிரசவ வைத்தியராக வேண்டுமென்றுதான் ஆசை. அதற்குள் மூட்டுவாதம் வந்து படுக்கையில் தள்ளிவிட்டது. விரல்கள் கோணிப்போயின. இனி பிரசவம் பார்க்க முடியாது என்றானதும் கண்ணுக்கு மாறினார். பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஒப்பரேசன்கள் செய்திருக்கிறார்! மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைக்குத் தலைவராக இருந்து 1976இல் ஓய்வு பெற்றவர், திண்ணையில் உட்காராமல் அதே வருடம் ஒரு வீட்டில் 11 கட்டில்களோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். அவர் வழியில் கண் வைத்தியத்துக்கு வந்த தங்கை நாச்சியாரும் தங்கை கணவர் நம்பெருமாள்சாமியும் கூட நின்றார்கள்.

உங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம், அங்கே பழக்கப்பட்ட கிராமத்துப் பெண்பிள்ளைகள். பள்ளிப் படிப்பை முடித்தவர்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை அளப்பது, கண்ணாடி நம்பர் பார்ப்பது, நோயாளியைத் தயார் செய்வது, பயந்து நிற்கிறவரிடம் பேசித் தைரியம் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. டாக்டருக்கு ஒப்பரேசன் மட்டும். அருகருகே இரண்டு மேசை. ஒன்றில் வேலை முடிந்து மைக்ரோஸ்கோப்பை மறுபக்கம் திருப்பினால் அங்கே அடுத்த ஆள் தயாராகப் படுத்திருப்பார். ஒரு டாக்டர் வருடத்துக்குச் சுமார் 2,000 ஒப்பரேசன் செய்வது இப்படித்தான்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பக்கம் ஒரு அக்கா இருந்தார். கண் மங்கிய பிறகும் விரல் பழக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். முற்றலும் சேர்ந்து வந்துவிடும். நிறுக்கிற இடத்தில் கூடையைக் கொட்டிப் பார்த்துவிட்டுக் கங்காணி கத்துவார், கிலோவைக் கழிப்பார், அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். கடைசியில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். வயசாச்சு, அப்படித்தான் என்றார்கள் வீட்டில். டிஸ்பென்சரியில் கொடுத்தது தலைவலி மாத்திரை. அது கண்புரை என்று எவருக்கும் தோன்றவில்லை.

காசுள்ளவர் கட்ட, இல்லாதவருக்கு இலவசம் என்பது மதுரைக் கணக்கு. நமக்கு அது தேவையில்லை, இங்கே அரச வைத்தியசாலையில் ஒப்பரேசனுக்குக் காசு கேட்பதில்லை. நம் தடை வேறு. விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். கூடப் போகிற மகளுக்கு ஒரு பேர் போய்விடும். கிளினிக்கில் சிங்களத்தில் சொன்னது பாதிதான் விளங்கும். மறுபடி வரச்சொன்ன துண்டு அலமாரியில் கிடக்கும். மதுரைக்காரர்களும் இதையெல்லாம் பார்த்துத்தான், முகாமில் புரை என்று தெரிந்தவர்களைத் தாங்களே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடும் கொடுத்து, ஒப்பரேசன் முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள்.

நம்மூர் முகாமில் என்ன நடக்கிறது? கோயில் மண்டபத்தில் பேனர், பிரமுகருக்கு மாலை, நீளமான பேச்சு, வாசிக்கிற கண்ணாடி ஒன்று. (கண்ணாடியும் உதவிதான், இல்லையென்று சொல்லவில்லை.) ஆஸ்பத்திரிக்குப் போகச்சொல்லித் துண்டு வாங்கியவர்கள் போனார்களா என்று பிறகு கேட்க ஆளில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் கார்மெண்ட்டுக்கும் போகிற பிள்ளைகளில் தோட்டத்துக்கு ஒருவரைப் பழக்கினால் என்ன? ஒரு பார்வைப் பலகை, டோர்ச், பதிவுக் கொப்பி போதும், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்திலேயே பார்த்துவிடலாம். துண்டோடு வீட்டிலிருப்பது யார் என்பது கொப்பியில் இருக்கும். சிங்களம் தெரிந்த பிள்ளையென்றால் கிளினிக்குக்கும் கூடப் போகலாம். சம்பளம் கொடுப்பது அரசாங்கமா, தோட்டக் கம்பனியா என்று இழுபறி வரும், தெரியும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிற தோட்டங்களுக்கு இன்னொரு ஆள் பெரிய பாரமாகாது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். முகாம் படங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை ஒதுக்குங்கள். மலையகத்து வைத்தியசாலைகளில் கண் கிளினிக் எந்தெந்த நாள், காலையில் எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள் என்று மாதம் ஒருமுறை போடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை