மறந்த கடவுச்சொல் குறுஞ்செய்தியில் வரலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய மோசடி பற்றி நாளிதழ்களில் வரும் அறிவுரைகள் எல்லாம் பணத்தைப் பறிகொடுப்பவரைப் பார்த்தே சொல்லப்படுகின்றன. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுங்கள் என்கிறார்கள். அந்தக் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளும் தளத்தைக் கட்டியவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் 19 ஆண்டுகளாகப் பாலிடெக்னிக்கில் கணினித் துறை விரிவுரையாளராக இருக்கிறேன். என் மாமியார் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவர் உறுப்பினராக இருக்கும் ஒரு சிக்கன நாணயச் சங்கத்தின் இணையதளத்தில், சென்ற மாதம் தம் கடன் பாக்கியைப் பார்க்க முயன்றார். கடவுச்சொல் மறந்துவிட்டது. ‘மறந்துவிட்டதா?’ என்ற இடத்தை அழுத்தினார். அரை நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது. அதில் இருந்தது அவருடைய பழைய கடவுச்சொல், ஓர் எழுத்தும் பிசகாமல். எவ்வளவு நல்ல வசதி பார் என்று என்னிடம் காட்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“அத்தை, மின்னஞ்சலுக்கும் இதே சொல்தானா?”

“எல்லாவற்றுக்கும் அதுதானம்மா. பத்துப் பன்னிரண்டு வைத்துக்கொண்டால் எனக்கு நினைவில் நிற்குமா?”

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 68 வயதுப் பெண்மணியை இதற்காகக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. பழைய சொல்லை ஒரு தளம் திருப்பித் தர முடிகிறது என்றால், அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அல்லது பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டி மேலேயே வைத்திருக்கிறார்கள். தரவுத்தளம் யார் கையிலாவது சிக்கினால், அவர்கள் அடுத்து முயல்வது உறுப்பினரின் மின்னஞ்சலைத்தான். மின்னஞ்சல் திறந்துவிட்டால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் அங்கிருந்தே மாற்றிவிடலாம். 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அத்தனையும் மறைக்கப்படாமல் வெறும் எழுத்தாகக் கிடந்தவை. அந்தப் பட்டியலை வைத்துத்தான் இன்றும் பிற தளங்களின் பூட்டை உடைத்துப் பார்க்கிறார்கள்.

சரியான முறை புதியதும் அன்று, செலவுள்ளதும் அன்று. கடவுச்சொல்லைச் சேமிக்கவே கூடாது. அதை அரைத்து வரும் மாவை மட்டும் சேமிக்க வேண்டும். மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. உறுப்பினர் அடுத்த முறை வந்து சொல்லைத் தட்டினால், அதையும் அதே முறையில் அரைத்து இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். இதைத்தான் ஹேஷ் என்கிறோம். இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறுபட்டுத் தெரிய, ஆளுக்கொரு தனி ‘உப்பு’, அதாவது தற்செயலாக எடுத்த சில எழுத்துகள், சேர்க்க வேண்டும் என்பதை ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979-இலேயே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். திருடன் கோடிக்கணக்கில் அரைத்துப் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் பிகிரிப்ட் முறை 1999-இல் வந்தது. நம் ஊர்த் தளங்கள் பல எழுதப்படும் பிஹெச்பி மொழியில் 2013 முதல் இது ஒரே வரி வேலை. தளம் கட்டுவதற்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் ஜாங்கோ, லாராவெல் போன்ற நிரல் சட்டகங்களில் அந்த வரியைக்கூட நாம் எழுத வேண்டியதில்லை, உள்ளேயே இருக்கிறது.

சங்கத்தின் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார். “உறுப்பினர்கள் வயதானவர்கள் அம்மா. மறந்துவிட்டு அலுவலகத்துக்கே வந்து நிற்கிறார்கள். எடுத்துச் சொல்ல வசதியாகப் பட்டியலை அச்செடுத்து வைத்திருக்கிறோம்” என்றார். மேசை இழுப்பறையில் உறுப்பினர் எண், பெயர், கடவுச்சொல் என்று மூன்று பத்தி! அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கூடாது என்று அவருக்குச் சொல்ல யாரும் இருந்ததில்லை.

தளத்தை எழுதியவர் யார் என்று கேட்டேன். சொன்ன பெயர் என் மாணவருடையது.

அவருடைய இறுதியாண்டுத் திட்டம் எனக்கு நினைவிருக்கிறது. நூலக மேலாண்மை. ஒவ்வோர் ஆண்டும் எல்லாத் திட்டங்களும் ஓர் உள்நுழைவுப் பக்கத்தோடுதான் தொடங்கும். பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் அடுத்த பக்கம் வரும். நாங்களும் தலையசைத்துவிட்டு அறிக்கைகள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கப் போய்விடுவோம். பெயர்களும் கடவுச்சொற்களும் சேமிக்கப்படும் பயனர் அட்டவணையை நான் திறந்து பார்க்கவில்லை. முழு மதிப்பெண் கொடுத்தேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே அட்டவணை ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் பணத்துக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தது. இந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவர் என் வீட்டுக்கு வந்தார். காலையில் உட்கார்ந்தவர்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்தோம். கடவுச்சொற்கள் அனைத்தையும் ஹேஷாக மாற்றி, பழைய பத்தியை அழித்து, அடுத்த உள்நுழைவில் புதிய சொல் வைத்தே ஆக வேண்டும் என்று அமைத்தோம். மறந்தவருக்கு இனி வருவது 30 நிமிடத்தில் காலாவதியாகும் இணைப்பு. ஒரு முறைதான் பயன்படும். தவறாகத் தட்டுவதற்கு வரம்பு வைத்தோம். நான்கு இலக்க ஓடிபியில் இருப்பது பத்தாயிரம் சாத்தியங்கள்தாம். வரம்பு இல்லாவிட்டால் ஒரு சிறு நிரல் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடும். இன்னொன்றையும் கண்டோம், அதுதான் என்னை மிகவும் உலுக்கியது. உள்நுழைந்த பிறகு முகவரிப் பட்டையில் உள்ள உறுப்பினர் எண்ணை மாற்றினால், அடுத்தவரின் கடன் கணக்கு திறந்தது. வந்தவர் யார் என்று வாசலில் கேட்டுவிட்டு, உள்ளே எந்த அறைக்கும் போக விட்டிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ‘இந்தக் கணக்கு இவருடையதா’ என்று சர்வரில் சரிபார்க்கும்படி மாற்றினோம். பென்டிரைவில் இருந்த பழைய நகல்களைச் செயலாளரே அழித்தார். அச்செடுத்த பட்டியலைக் கிழித்ததையும் நேரில் பார்த்தேன்.

சட்டமும் இதைப் பேசுகிறது. 2011-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் உணர்திறன் மிக்க தனிப்பட்ட தகவல்களைப் பட்டியலிட்டபோது, முதலில் எழுதியதே கடவுச்சொல்லைத்தான். தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறி, தனிப்பட்ட தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுங்கள் என்ற அறிவுரையை இனி அச்சிட வேண்டாம். காரணமின்றி, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டுமே மாற்றுகிறார்கள். அந்த இடத்தில் வேறொன்றைப் போடுங்கள். வாசகர்கள் தாங்கள் கணக்கு வைத்திருக்கும் உள்ளூர்ச் சங்கம், பள்ளி, அறக்கட்டளை ஆகியவற்றின் தளத்தில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று ஒரு முறை அழுத்திப் பார்க்கட்டும். பழைய சொல்லே திரும்பி வந்தால், உடனே நிர்வாகிகளுக்கு எழுதட்டும்; அதே சொல்லை வேறெங்கும் வைத்திருந்தால் அன்றே மாற்றட்டும். சங்கங்களும் பள்ளிகளும் தளம் செய்து வாங்கும்போது, கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் பயனர் அட்டவணையைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். கடவுச்சொல் பத்தியில் படிக்கக்கூடிய ஒரு சொல் இருந்தாலும் பணம் தரக் கூடாது.

பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறேன். வரும் ஏப்ரலில் திட்ட மதிப்பீட்டுக்கு என் முன் வரும் ஒவ்வொரு குழுவிடமும் நான் முதலில் திறக்கச் சொல்லப்போவது அந்த அட்டவணையைத்தான். மாணவர்களுக்கு இப்போதே அறிவித்துவிட்டேன்.

இப்படிக்கு,
கணினித் துறை விரிவுரையாளர்,
திண்டுக்கல்